பழைய டாவோஸ் சறுக்குவண்டியைப் பிள்ளைகளுக்குத் தயார்செய்வது எப்படி

பழைய மரச் சறுக்குவண்டி ஒன்று கண்ணில் பட்டால், வாங்கும் முன் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். உட்காரும் ரீப்பர்களில் கீறலும் கறையும் இருப்பது பெரிய விஷயமே அல்ல. வண்டி ஓடுமா, பிள்ளையைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்க்குமா என்பதெல்லாம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. பனியில் உரசும் உருக்குப் பட்டை, கால்கள் சறுக்குக்கட்டைக்குள் இறங்கும் பொருத்து ஆகிய இரண்டும் நன்றாக இருந்தால் மற்றதையெல்லாம் ஒரு வார இறுதியில் சரிசெய்துவிடலாம்.

இங்கே சொல்லப்போவது சுவிட்சர்லாந்தில் டாவோஸர் ஷ்லிட்டன் என்று அழைக்கப்படும் வண்டியைப் பற்றி. முன்பக்கம் மேல்நோக்கிச் சுருண்ட இரண்டு சறுக்குக்கட்டைகள், அவற்றின் மேல் இரண்டு அல்லது மூன்று சோடிக் கால்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச்சட்டங்கள், நீளவாக்கில் ஓடும் ரீப்பர்கள், கட்டைகளின் அடியில் திருகாணியால் இறுக்கிய உருக்குப் பட்டை. இவ்வளவுதான் வண்டி. டாவோஸ் நகரிலிருந்து கிளோஸ்டர்ஸ் வரை 1883இல் நடந்த சர்வதேசச் சறுக்குவண்டிப் போட்டி இந்த விளையாட்டின் வரலாற்றில் முக்கியமானது. கிளோஸ்டர்ஸ் தபால்காரர் பீட்டர் மின்ஷும் ஆஸ்திரேலிய மாணவர் ராபர்ட்சனும் ஒன்றாக முதலிடம் பெற்றார்கள். மலைக்கிராமத்து மக்கள் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டி அப்போதுதான் வெளியூர்க்காரர்களின் விளையாட்டாகவும் பெயரெடுத்தது.

பள்ளியிலிருந்து ‘சறுக்குவண்டி நாள்’ என்று கடிதம் வந்த பிறகு அவசரமாக ஒரு பிளாஸ்டிக் தட்டை வாங்கிக் கொடுப்பது சுவிஸில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் நடப்பது. அது தேவையில்லை. ப்ரொக்கி எனப்படும் பழம்பொருள் கடைகளில் மரவண்டிகள் அடுக்கிக் கிடக்கும். பழைய வீடுகளின் பரணிலும் ஒன்று இருக்கும். நல்ல ஆஷ் மரத்தில் செய்த வண்டி ஒரு தலைமுறைப் பிள்ளைகளைச் சுமந்துவிட்டு அடுத்த தலைமுறைக்கும் வரும்.

எந்த அளவு

இந்த வண்டிகள் பெரும்பாலும் 80 முதல் 120 சென்டிமீட்டர் நீளத்தில் கிடைக்கும். தனியாக ஓட்டும் ஆறேழு வயதுப் பிள்ளைக்கு 80 அல்லது 90 போதும். பத்து வயதுக்கு மேல், அல்லது இரண்டு பிள்ளைகள் சேர்ந்து போவதானால் 100. பெரியவர் ஒருவர் பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு இறங்க 110க்குக் குறைந்தால் சரிவராது. ‘வளர்ந்த பிறகும் உதவும்’ என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு 110 வாங்காதீர்கள். வண்டியின் எடையை அந்தக் கால்களால் நிறுத்த முடியாது. திரும்பவும் மேலே இழுத்துக்கொண்டு போகவும் முடியாது. ஒரு சின்னச் சோதனை: பிள்ளையை வண்டியின் பின்பாதியில் உட்காரவைத்து, காலை இருபக்கமும் இறக்கச் சொல்லுங்கள். உள்ளங்கால் முழுவதும் தரையில் பதிய, முழங்காலும் சற்று மடங்கியிருக்க வேண்டும். நுனிக்கால் மட்டும் எட்டினால் அந்த வண்டி அந்தப் பிள்ளைக்கு உயரம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

சமமான தரையில் வண்டியை வைத்து நான்கு மூலைகளையும் மாறிமாறி அழுத்துங்கள். ஆடினால் சட்டகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அளவுநாடா இருந்தால் இடது முன்மூலையிலிருந்து வலது பின்மூலைக்கும், வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் கவலையில்லை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வந்தால் வண்டி எப்போதும் ஒரு பக்கமாகவே இழுக்கும். பிள்ளை எவ்வளவு முயன்றாலும் நேராகப் போகாது.

அடுத்து, ரீப்பர்களை ஒரு கையிலும் சறுக்குக்கட்டையை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ‘கிறீச்’ என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு காலின் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் முனை, அதன் துளைக்குள் தளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யலாம். ஆனால் வண்டியை மறுத்துவிட வேண்டிய குறை ஒன்று உண்டு: சறுக்குக்கட்டை மேல்நோக்கி வளையும் இடத்தில், மரத்தின் நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் விரிசல். அந்த இடம் நீராவியில் வைத்து வளைத்தது. அங்கேதான் ஒவ்வொரு மேட்டின் அடியும் விழுகிறது. நார் நீளத்திலேயே பிளந்திருந்தால் பசை பிடிக்கும். நாரே அறுந்திருந்தால் எந்தப் பசையும் தாங்காது, தகடு வைத்து முடுக்கினாலும் தாங்காது. அப்படிப்பட்ட வண்டியைச் சுவரில் அழகுக்கு மாட்டலாம், பிள்ளையை ஏற்றக் கூடாது.

உருக்குப் பட்டையை விரலால் தடவ வேண்டாம், பிசிறு கிழித்துவிடும். ஒரு பழந்துணியை அதன்மேல் முன்னிருந்து பின்னாக இழுங்கள். துணி மாட்டும் இடமெல்லாம் திருகாணித் தலை வெளியே நிற்கிறது அல்லது பட்டை கல்லில் அடிபட்டிருக்கிறது. செம்பழுப்பாய்ப் படர்ந்த மேல்துரு அஞ்சவேண்டியதல்ல. பட்டையின் ஓரத்துக்கும் மரத்துக்கும் இடையே துரு உப்பிப் பட்டையைத் தூக்கியிருந்தால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

வட அமெரிக்காவில் இருப்பவர்கள் கையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு இனம்: பிலடெல்பியாவில் விவசாயக் கருவிகள் செய்த சாமுவேல் லீட்ஸ் ஆலன் 1889இல் காப்புரிமை பெற்ற ஃபிளெக்ஸிபிள் ஃபிளையர் வகை. அதில் மரச் சறுக்குக்கட்டையே இல்லை, சறுக்கும் பகுதி முழுவதும் உருக்குத்தான். முன்னால் உள்ள திருப்புக்கட்டையைத் தள்ளினால் இரண்டு உருக்குச் சட்டங்களும் வளைந்து திரும்பும். துருவும் மெழுகும் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும். கூடுதலாக இரண்டைப் பாருங்கள். திருப்புக்கட்டையின் ரிவெட்டுகள் தளர்ந்து லொடலொடவென்று ஆடக் கூடாது. உருக்குச் சட்டத்தின் பின்நுனி மேல்நோக்கி வளைந்து பலகையோடு சேர்ந்திருக்க வேண்டும். மிகப் பழைய வண்டிகளில் அந்த நுனி பின்னோக்கிக் கம்பிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் இறங்கிவரும் பிள்ளையைக் குத்திவிடும். அப்படி இருந்தால் விளையாட்டுக்கு எடுக்காதீர்கள்.

தளர்ந்த கால்களை இறுக்குதல்

தளர்ந்த பொருத்தைப் பிரிக்காமல் மேலாகப் பசை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. ஒரு பருவம்கூட நிற்காது. உள்ளே பழைய பசையும் அழுக்கும் இருக்கும்வரை புதுப் பசைக்கு மரம் எட்டாது. காலை மெதுவாக மரச்சுத்தியலால் தட்டிக் கழற்றுங்கள். ஆணியோ குறுக்குத் திருகாணியோ கழுந்தைப் பிடித்திருக்கலாம், அதை முதலில் எடுங்கள். இடது வலது, முன் பின் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கையால் செய்த பழைய வண்டியில் ஒரு கால் இன்னொரு துளைக்குப் பொருந்தாது. பழைய பசையை உளியால் சுரண்டி மரம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். கழுந்து துளைக்குள் தானாக விழுந்தால் இடைவெளி அதிகம். கழுந்தின் இருபக்கமும் மெல்லிய மரச்சீவலை ஒட்டி, காய்ந்த பிறகு கையால் அழுத்தினால் மட்டும் இறங்கும் அளவுக்குத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

பசை ஈரம் தாங்கும் டி4 தரத்து மரப்பசையாக இருக்கட்டும், அல்லது பாலியூரிதேன் பசை. அறைக்குள் வைக்கும் மேசை நாற்காலிக்கான சாதாரண வெள்ளைப் பசை பனி உருகும் ஈரத்தில் இளகிவிடும். பசையிட்டுப் பொருத்தியவுடன், கிளாம்ப் இறுக்கும் முன்பே மூலைக்கு மூலை எடுத்த குறுக்களவுகளை மறுபடி பாருங்கள். முறுக்கிய வண்டியை நேராக்குவதற்கு உள்ள ஒரே சந்தர்ப்பம் அது. 10 டிகிரிக்குக் குறையாத இடத்தில் ஒரு முழு நாள் அசைக்காமல் விடுங்கள். குளிர்ந்த கராஜில் ஒட்டிவிட்டு ‘பசை சரியில்லை’ என்று குறைப்படுவதில் பயனில்லை.

உடைந்த ரீப்பரை மாற்றுவதானால் ஆஷ் மரமே வேண்டும். நீண்ட நாரும் நல்ல நெகிழ்வும் உள்ள மரம் அது. பைன் பலகை மலிவு, ஆனால் பிளந்து சிராய் குத்தும். பழைய ரீப்பரின் அகலம், தடிப்பு இரண்டையும் அளந்து அதேபோல் எடுங்கள். பலகையின் பக்கவாட்டைப் பார்த்து, நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவதாகத் தேர்ந்தெடுங்கள். பாதிவழியில் ஓரத்துக்கு ஓடிவிடும் நார் அந்த இடத்திலேயே ஒடியும். துளை போடாமல் ஆஷில் திருகாணியை ஏற்ற முயன்றால் ரீப்பர் பிளக்கும் அல்லது திருகாணி முறியும். 4 மில்லிமீட்டர் திருகாணிக்கு 3 மில்லிமீட்டர் துளை. திருகாணியின் மரையில் கொஞ்சம் சவர்க்காரம் தேய்த்தால் இலகுவாக ஏறும். பித்தளைத் திருகாணி வேண்டாம், தலை அறுந்துபோகும்.

உருக்குப் பட்டை

நேரத்தை இங்கே செலவழியுங்கள். ஓடும் வண்டிக்கும் ஓடாத வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு விரல் அகலத்தில் இருக்கிறது.

வண்டியைக் கவிழ்த்து மேசையில் கட்டிவிடுங்கள். முதலில் எல்லாத் திருகாணிகளையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். எவ்வளவு திருகினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டேயிருந்தால் மரத்தில் மரை போய்விட்டது. அதற்குப் பெரிய திருகாணி போடாதீர்கள். அதன் தலை பட்டையின் குழிக்குள் அடங்காமல் வெளியே நிற்கும், பனியில் பிரேக் போட்டதுபோல் இழுக்கும். துளையை 8 மில்லிமீட்டருக்குத் துளைத்து, கடினமரக் குச்சி ஒன்றைப் பசையோடு அடித்து இறக்கி, காய்ந்த பின் புதிதாகத் துளையிட்டுப் பழைய அளவுத் திருகாணியையே போடுங்கள். தலை பட்டையின் மட்டத்துக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே இருக்க வேண்டும். மட்டத்துக்குச் சமமாக இருந்தால் போதாது; பட்டை தேயத் தேயத் தலை வெளியே வந்துவிடும்.

பிறகு தட்டையான அரத்தால் பிசிறுகளையும் கல்லடி பட்ட மேடுகளையும் எடுங்கள். அரம், உப்புத்தாள், உருக்குப் பஞ்சு எதுவானாலும் பட்டையின் நீளவாக்கில் மட்டுமே ஓட்ட வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல்கள் ஒவ்வொன்றும் பனியைப் பிடிக்கும் பல்லாகிவிடும். 120 எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் துரு போகும்வரை தேயுங்கள். பின் 240, கடைசியாக 400. ஜன்னல் வெளிச்சம் பட்டையில் ஒரே கோடாக ஓடினால் போதும். அதற்குமேல் கண்ணாடிபோல் மெருகேற்றுவதில் பயன் குறைவு. ஈரப்பனியில் மிக வழவழப்பான தட்டை உலோகம் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு வேகத்தை இழக்கும்.

பட்டை மரத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தால் கழற்றியே ஆகவேண்டும். அடியில் மரம் கறுத்திருக்கும். திருகுளி நுனியால் குத்திப் பாருங்கள்; கடினமாக இருந்தால் வெறும் கறை, மெத்தென்று உள்ளே போனால் இற்றுவிட்டது. நல்ல மரமானால் சூடில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்றிரண்டு வாரம் உலரவிடுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் வளைவு விரியும், பொருத்துகள் பிளக்கும். கழற்றிய பட்டையின் துருவை எடுக்க, கெட்டிலில் படியும் சுண்ணாம்பைப் போக்க விற்கிறார்களே, அந்தச் சிட்ரிக் அமிலத் தூள் சிறந்தது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கலந்து சில மணி நேரம் ஊறவைத்துத் துலக்குங்கள். பிறகு சோடா உப்புக் கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள். ஈரத்தோடு விட்டால் அரை மணியில் மறுபடி துரு படரும். பட்டை மரத்தோடு இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். அமிலம் இடுக்குக்குள் போய் வெளியே வராது.

பட்டை தேய்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கும் மெலிந்திருந்தால் புதிது போடுங்கள். உலோகக் கடையில் பழைய பட்டையின் அகலத்தைச் சொல்லி, 3 மில்லிமீட்டர் தடிப்பில் உருக்குப் பட்டை வாங்கலாம். அலுமினியம் வேண்டாம், மிருதுவானது. சரளைக்கல்லில் இரண்டு தடவை உரசினால் உழவு நிலம்போல் ஆகிவிடும். முன்வளைவை வண்டியின் மேலேயே வைத்து வளைக்காதீர்கள், பழைய மரம் உங்கள் பலத்தைத் தாங்காது. தனியாக ஓர் உருளையான மரக்குற்றியில் வளைத்து, கட்டையின் வளைவைவிடச் சற்று இறுக்கமாக்கிக்கொள்ளுங்கள். பொருத்தும்போது அது மரத்தைத் தானே கவ்விக்கொள்ளும். திருகாணி போடுவது முன்நுனியில் தொடங்கிப் பின்னோக்கி வரட்டும். பின்நுனியின் மூலைகளை அரத்தால் உருட்டிவிட மறவாதீர்கள்.

மரத்துக்குப் பூச்சு

பழைய வார்னிஷ் உரிந்திருந்தால் சுரண்டி, 120இலும் 180இலும் தேய்த்துவிட்டு, ஆளிவிதை எண்ணெயில் அதே அளவு டர்பென்டைன் கலந்து முதல் பூச்சு பூசுங்கள். இருபது நிமிடத்தில் மரம் குடிக்காத மிச்சத்தைத் துணியால் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும்; விட்டால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒருநாள் இடைவெளியில் இன்னும் இரண்டு பூச்சு, கலப்பில்லாத எண்ணெயில். பளபளப்பு விரும்புகிறவர்கள் படகுக்குப் பூசும் வார்னிஷைப் பயன்படுத்தலாம். ஆனால் வார்னிஷ் ஓரிடத்தில் விரிசல் விட்டால் தண்ணீர் அதன் அடியிலேயே தங்கிவிடும். எண்ணெய் பூசிய வண்டியை ஆண்டுக்கொருமுறை துடைத்து மறுபடி பூசினால் போதும். பிள்ளைகள் பாவிக்கும் வண்டிக்கு எண்ணெய்தான் மேல்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகும். சுருண்ட துணி தானே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிட்டு, அதன்பின் எறியுங்கள். வண்டிக்கு வண்ணப் பூச்சு இருந்து, அது பல பத்தாண்டுகள் பழையதானால், ஈயம் கலந்திருக்கலாம். அதை உலர்ந்தபடி தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, தூளை ஒன்றுவிடாமல் சேகரித்து அகற்றுங்கள்.

கயிறு

8 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்பு, பிள்ளையின் கைக்குக் குளிரில் பிடிபடும் கயிறு. முன் குறுக்குச்சட்டத்தின் இரு முனைகளிலும் கட்டி, நடுவே வளையமாக வரட்டும். நீளத்துக்கு ஒரு கணக்கு: பிள்ளை வண்டியில் உட்கார்ந்து கயிற்றை மடியில் வைத்தால், தொங்கும் பகுதி சறுக்குக்கட்டையின் நுனிக்கு முன்னால் விழக் கூடாது. விழுந்தால் வண்டி தன் கயிற்றின் மேலேயே ஏறி ஒரு நொடியில் நின்றுவிடும், பிள்ளை நிற்காது. மேலே இழுத்துச் செல்ல நீளம் வேண்டுமென்றால் கொக்கியால் மாட்டும் இன்னொரு கயிறு வைத்துக்கொண்டு, இறங்கும் முன் கழற்றிவிடலாம். இறங்கும்போது கயிற்றைக் கையில் பிடித்திருக்க வேண்டும், மணிக்கட்டில் சுற்றக் கூடாது. பிள்ளை விழுந்தாலும் ஐந்தாறு கிலோ எடையுள்ள வண்டி தனியே பாய்ந்து கீழே நிற்பவர்களை அடிக்காமல் இருக்க அந்தப் பிடி உதவும்.

மெழுகும் பனியும்

உருக்கு பனியில் வழுக்குவது உரசலின் சூட்டில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலத்தால். இதை நினைவில் வைத்தால் வண்டி எப்போது ஓடும், எப்போது அடம்பிடிக்கும் என்பது விளங்கும். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, பலர் ஏறி இறங்கி இறுகிய பாதையில் இந்த வண்டியை மிஞ்ச ஒன்றுமில்லை. மைனஸ் 15க்குக் கீழே போனால் உருக்கு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும், படலம் உருவாகாது, வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு மெதுவாகப் போகும். புதிதாக விழுந்த மாவுப்பனியில் ஒடுங்கிய பட்டை அப்படியே புதைந்துவிடும். அன்றைக்கு அகலமான பிளாஸ்டிக் வண்டிதான் சரி; மரவண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

மெழுகுக்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. வெள்ளைப் பாரபின் மெழுகுவர்த்தியைப் பட்டையின் நீளவாக்கில் அழுத்தித் தேய்த்து, பழந்துணியால் நன்றாக உரசிவிடுங்கள். கட்டியாக விட்டால் முதல் நூறு மீட்டரில் உதிர்ந்துவிடும். ஒவ்வொரு நாளும் தொடங்கும் முன் ஒருமுறை, மதியம் ஒருமுறை போதும். முதன்முறையாகப் பழகும் பிள்ளையின் வண்டிக்கு மெழுகே போடாதீர்கள்.

வீட்டுக்குள்ளிருந்து எடுத்த வண்டியை உடனே பனியில் வைத்தால் சூடான பட்டை பனியை உருக்கும், அது திரும்ப உறைந்து கட்டிகட்டியாக ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் வெளியே சாய்த்துவைத்துக் குளிரவிட்டு எடுங்கள். நடைபாதையில் உப்பும் சரளையும் போட்டிருப்பார்கள். அங்கே வண்டியை இழுத்துக்கொண்டு போனால் ஒரு நாள் முழுக்கச் செய்த வேலை ஐம்பது மீட்டரில் வீண். தூக்கிக்கொண்டு போங்கள்.

முதலில் நிறுத்தப் பழக்குங்கள்

இந்த வண்டிக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பும் கம்பியும் இல்லை. இரண்டும் பிள்ளையின் சப்பாத்துதான். ஆகவே அடிப்பகுதியில் ஆழமான வெட்டுகள் உள்ள, கணுக்கால் மூடிய குளிர்காலச் சப்பாத்து வேண்டும். தலைக்கு ஸ்கி ஹெல்மெட். சுவிஸ் விபத்துத் தடுப்பு மையமான பிஎஃப்யு இதைத்தான் வலியுறுத்துகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து கால் முன்னே வர இறங்கும்படியும் சொல்கிறது. குப்புறப் படுத்துத் தலை முன்னே போவது வேகமாகத் தோன்றும், ஆனால் மோதும்போது முதலில் படுவது தலை. கழுத்தில் தொங்கும் சால்வையைக் கழற்றி, குழாய்போல் போடும் கழுத்துறை மாட்டுங்கள்.

முதல் நாள் பத்துப் பதினைந்து மீட்டர் நீளமே உள்ள மெல்லிய சரிவு போதும். கீழே மரம், வேலி, தெரு, ஓடை எதுவும் இல்லாமல், வண்டி தானாக நின்றுபோகும் அளவுக்குச் சமதரை இருக்க வேண்டும். அங்கே மூன்று விஷயங்களை இந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுங்கள்.

நிறுத்துவது: இரண்டு கால்களையும் வண்டியின் இருபக்கமும், சறுக்குக்கட்டைக்கு வெளியே, உள்ளங்கால் முழுவதும் பனியில் படும்படி வைத்து அழுத்துவது. பிள்ளைகள் இயல்பாகச் செய்வது குதிகாலை மட்டும் குத்துவது. பனி முகத்தில் அடிக்கும், கால் பின்னுக்கு இழுபட்டு முழங்கால் திருகும். பாதத்தைச் சறுக்குக்கட்டைக்கு அடியில் விடவே கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

திரும்புவது: இடப்பக்கம் போக வேண்டுமானால் இடது பாதத்தை மட்டும் பனியில் அழுத்தி, உடலையும் இடப்பக்கம் சாய்ப்பது. சற்றுப் பின்னால் சாய்ந்தால் முன்பக்கம் இலேசாகி வண்டி இன்னும் எளிதாகத் திரும்பும். வண்டி திரும்பவே மாட்டேன் என்கிறதென்றால் பெரும்பாலும் பிள்ளை முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அவசரமாக நிறுத்துவது: இரு பாதங்களையும் அழுத்தியபடியே, வண்டியின் முன்வளைவை இரண்டு கைகளாலும் பிடித்து மேலே தூக்குவது. பின்நுனிகள் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்கும், வண்டி நிற்கும். இதற்கும் அடங்காவிட்டால் பக்கவாட்டில் உருண்டுவிட வேண்டும். விழுவதையும் இரண்டு மூன்று தடவை விளையாட்டாகப் பழக்குங்கள். பழகாத பிள்ளை பயத்தில் வண்டியை இறுகப் பற்றிக்கொண்டு மரத்தில் போய் மோதும்.

நீங்கள் சொன்ன இடத்தில், சொன்ன கணத்தில் பிள்ளை நிறுத்திக் காட்டும்வரை அடுத்த சரிவுக்குப் போகாதீர்கள். சிறு பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டு பெரியவர் இறங்கும்போது, பிள்ளையின் கால் வெளியே தொங்காமல் முன் குறுக்குச்சட்டத்தின் மேல் ஊன்றியிருக்கட்டும்; உங்கள் கால்களே பிரேக், பிள்ளையின் கால்கள் அதில் சேரக் கூடாது. முதுகுச்சட்டம் பொருத்திய வண்டி சமதரையில் கைக்குழந்தையை இழுத்துச் செல்ல மட்டுமே. அதைச் சரிவில் விட்டால் குழந்தையால் விழவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

எங்கே போவது

ஸ்கி ஓடுபாதையில் இறங்கக் கூடாது. சறுக்குவண்டிக்கென்று பலகை போட்டுக் குறித்த பாதைகள் உண்டு. சூரிச்காரர்களுக்கு ஊட்லிபெர்க், பெர்ன்காரர்களுக்கு குர்டன் பக்கத்திலேயே இருக்கின்றன. தாழ்வான மலைகள் என்பதால் பனி போதுமா என்று அன்றைக்கு அன்றைக்குப் பார்த்துப் போங்கள். நன்றாக நிறுத்தத் தெரிந்த பிள்ளைகளோடு போக வேண்டிய இடம் கிரௌபுண்டன் மாநிலத்தின் பிரேடாவும் பெர்கூனும். குளிர்காலத்தில் மூடப்படும் ஆல்புலா கணவாய்ச் சாலைதான் பாதை: ஏறத்தாழ 6 கிலோமீட்டர், 400 மீட்டர் இறக்கம். கீழே வந்ததும் ரேட்டியன் ரயிலில் வண்டியோடு ஏறி மறுபடி மேலே போகலாம். காலையில் பாதை உறைந்து கண்ணாடியாக இருக்கும், மத்தியானம் இளகும், மாலையில் மறுபடி உறையும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முன்மதியமே நல்லது. வளைவுக்குப் பின்னால் நிற்காதீர்கள், ஓரமாக ஒதுங்குங்கள். ஏறி நடப்பவர்கள் பாதையின் ஓரத்தில்தான் நடக்க வேண்டும். அடிபட்டால் ஆம்புலன்ஸுக்கு 144, மலைமேல் ரேகா ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414.

ஒவ்வொரு நாளும், பருவம் முடிந்த பிறகும்

வீட்டுக்கு வந்ததும் பனியைத் தட்டிவிட்டு, பட்டையைத் தண்ணீர்த்துணியால் துடைத்து உப்பைப் போக்கி, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ஈரத்தோடு பட்டைமேல் நிறுத்திவைத்தால் காலையில் தரையில் இரண்டு துருக்கோடுகள் இருக்கும். நிமிர்த்திச் சாய்த்துவைப்பது நல்லது. வாரம் ஒருமுறை திருகாணிகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று தளர்ந்தால் அதன் பக்கத்துத் திருகாணி மேல் சுமை ஏறும், பிறகு வரிசையாகக் கழன்றுவரும்.

மார்ச் மாதத்தில் வண்டியை எடுத்துவைக்கும்போது பட்டையில் வாசலின் அல்லது இயந்திர எண்ணெய் மெல்லிய படலமாகப் பூசுங்கள். பாதாள அறையில் சலவை யந்திரத்துக்கும் ஹீட்டர் குழாய்க்கும் தள்ளி, ரீப்பர்களின் அடியில் இரண்டு கொக்கி கொடுத்து, பட்டை சுவரில் படாமல் மாட்டிவையுங்கள். வளைவில் பாரம் தொங்கவிட வேண்டாம். அடுத்த டிசம்பரில் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்த பிறகே மெழுகு பூசுங்கள். எண்ணெய்மேல் மெழுகு பிடிக்காது.